வைத்தியர் விலாசம்

என்னுடைய தொடர்கதை ஒன்றில் ஒரு வைத்தியர் வந்தார். வந்தார் என்று சொல்வதுதான் பொருத்தம். நானாக அவரை அழைக்கவில்லை. 2011-ஆம் வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் அந்தக் கதை வெளியாகிக்கொண்டிருந்தது. பதினாறு வாரம் வரையில் வண்டி ஒழுங்காக ஓடிற்று. பதினேழாவது வாரத்தில் கதாநாயகியின் தகப்பனார் குறுக்கே படுத்துக்கொண்டார். அவருக்கு நீரிழிவு என்று ஐந்தாவது அத்தியாயத்திலேயே எழுதித் தொலைத்திருந்தேன். அப்போது அது சௌகரியமாக இருந்தது. பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது கல்யாணம் நடந்தாக வேண்டும். பெரியவரோ எழுந்திருக்கிற வழியாகக் காணோம். பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து இரண்டு தடவை டெலிபோன் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கொல்லிமலையிலிருந்து வைத்தியர் இறங்கி வந்தார். வெள்ளைத் தாடி, தோளில் ஒரு பை, கண்களில் கருணை. பையிலிருந்து 'சாமக்கொடி' வேரை எடுத்தார். நடுச்சாமத்தில் பூக்கிற கொடி அது. வேரை இடித்து, எட்டுக்கு ஒன்றாகக் காய்ச்சி, ஒரு மண்டலம் கொடுத்தார். அடுத்த இதழில் பெரியவர் கல்யாணப் பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜாங்கிரி சாப்பிட்டதாகவும் எழுதினேன் என்று ஞாபகம்.

சாமக்கொடி என்று ஒரு கொடி என் அறிவுக்கு எட்டிய வரையில் கிடையாது. பெயர் காதுக்கு நன்றாக இருந்தது, வைத்தேன். கொல்லிமலைக்கு நான் ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன், அங்கே எந்தக் கொடி பூக்கிறது, எப்போது பூக்கிறது என்று எங்கே பார்த்தேன்?

கதை முடிந்து ஒரு மாதத்துக்குள் காரியாலயத்திலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்தது. அறுபத்து மூன்று கடிதங்கள். எழுத்தாளனுடைய மனசு அப்போது எப்படித் துள்ளும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகியின் தியாகத்தைப் பற்றி, ஆற்றங்கரை வர்ணனையைப் பற்றி, பதினோராவது அத்தியாயத்தில் நான் வியர்த்து விறுவிறுத்து எழுதிய அந்தச் சம்பாஷணையைப் பற்றி யாராவது ஒருவர் நாலு வரி எழுதியிருக்க மாட்டாரா? ஒருவர் எழுதியிருந்தார், அதில் ஓர் ஒற்றுப்பிழை இருப்பதாக. மற்ற அத்தனை பேரும் கேட்டது ஒன்றே ஒன்று: வைத்தியரின் விலாசம். வேரைப் பொடியாகவே அனுப்பினால் வி.பி.பி.யில் பெற்றுக்கொள்ளத் தயார் என்று இரண்டு பேர். ஒருவர் இருநூறு ரூபாய் மணியார்டரே செய்துவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன். சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தேன். பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் கடிதங்களில் ஒன்றுக்குக்கூடப் பதில் போடவில்லை. இதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

1 9 8 என்று கணக்குப் பார்த்து வாழ்ந்த ஒரு மனிதர் அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வருஷம் ஒரு பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தகப்பனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என் கதைகளை விடாமல் படிக்கிறவர். பதினான்கு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. என் கதையின் அந்த அத்தியாயத்தைப் படித்தபிறகு மாத்திரையை நிறுத்திவிட்டு வேர்க் கஷாயம் சாப்பிட்டிருக்கிறார். நான்காவது மாதம் காலில் புண். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். "உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. அந்த வேர் நிஜந்தானா என்று மட்டும் ஒரு வரி பத்திரிகையில் எழுத முடியுமா? அப்பா இன்னும் நம்புகிறார்" என்று முடித்திருந்தாள்.

கோபம் இருந்திருந்தால் ஒரு பதில் எழுதி முடித்திருப்பேன். இல்லாததால் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

வாத்தியார் திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். இடது காலில் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "உட்காருங்க சார், உட்காருங்க" என்று நான் பதற, அவர் சிரித்துக்கொண்டு, "என்ன சார், வைத்தியரைக் கூட்டிக்கிட்டு வரலையா?" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். வைத்தியரும் இல்லை, வேரும் இல்லை, பதினேழாவது வாரத்தின் அவசரந்தான் உண்டு என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேர் இல்லைன்னு சொல்லாதீங்க. அம்மா, அதை எடுத்துக்கிட்டு வா" என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அதற்குள் பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாக ஏதோ வேர். என்னிடமிருந்து விலாசம் வராததால் அவர் டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். கேட்ட சரக்கை இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கடைக்காரர் போலிருக்கிறது. "சாமக்கொடிதானே? இருக்கு" என்று நிறுத்துக் கொடுத்துவிட்டார். நான் கற்பனை செய்த வேரை என் கண்ணால் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மண் வாசனை அடித்தது.

விஷயம் தெரியாத மனிதர் அல்ல அவர். அதைத்தான் நான் சொல்ல வேண்டும். அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் காட்டினார். 1998 முதல் ஒவ்வொரு பரிசோதனையும் தேதி வாரியாக, கோடு கிழித்து, அச்சுப் போன்ற எழுத்தில். வெறும் வயிற்றில் 112, 118, 109. பிரமாதமான எண்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்தவருக்கு ஏன் இப்படி?

மகள் சொன்னாள்: "பரிசோதனைக்கு ரெண்டு நாள் முன்னாலேருந்து அப்பா மோரைத் தவிர வேற எதுவும் தொட மாட்டாங்க. ரத்தம் குடுத்துட்டு நேரே ஓட்டலுக்குத்தான்."

முப்பத்து நாலு வருஷம், பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பையன்களைப் பிரம்பால் அடித்தவர்! அவரே சொல்லிச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் வேறு ஒரு பரிசோதனை செய்து 10.8 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாளாம். எச்.பி.ஏ.1.சி. என்பார்கள். ரத்தத்திலுள்ள சர்க்கரை சிவப்பு அணுக்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓர் அணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகையால் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி வெளிப்பட்டுவிடும். 6.5 அல்லது அதற்குமேல் என்றாலே நீரிழிவு. வியாதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாத்தியாருக்கு 10.8.

"அந்தப் பொண்ணு சொன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு சார். இது பரீட்சை இல்லை. வருகைப் பதிவேடு. கடைசி நாள் வந்து உட்கார்ந்தா ஆஜர் ஆகுமா? இதைப் பதினாலு வருஷத்திலே ஒருத்தர் எனக்குச் சொல்லலை பாருங்க" என்றார்.

காலைப் பற்றிக் கேட்டேன். செருப்பின் அடியிலிருந்து ஓர் ஆணி மேலே கிளம்பியிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு காலையில் கோவிலுக்குப் போய், கடைத்தெருவுக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியபோது தரையில் ரத்தம். அது வரையில் அவருக்கு வலி என்பதே இல்லை. நாள்பட்ட சர்க்கரை காலின் நரம்புகளை மழுங்க அடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு முந்தின சித்திரையில் பிராகாரத்தின் கல்தளத்தில் எல்லோரும் கால் பொத்துப்போய் ஓட, தாம் மட்டும் நிதானமாக நடந்து மூன்று பிரதட்சிணம் முடித்ததை அம்பாளின் கிருபை என்று எடுத்துக்கொண்டாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்ராஸுக்குத் திரும்பியபிறகு - சென்னை என்று சொல்ல என் வாய் இன்னும் பழகவில்லை - நான் படிக்க ஆரம்பித்தேன். கதை எழுதுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியவை. இந்த வியாதிக்கு நாம் வைத்திருக்கிற பெயரே பாதி விபத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஆயுர்வேத நூல்கள் மதுமேகம் என்றன. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். நீரிழிவு என்பதும் நல்ல சொல்தான். நீர் இழிந்துகொண்டே போகிறது என்று கண்ணால் கண்டதைச் சொல்கிறது. நாமோ 'சர்க்கரை' என்று சுருக்கிவிட்டோம். "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்கிறோம். உடனே மூளை சர்க்கரை டப்பாவை நினைக்கிறது. காபியில் சீனியை நிறுத்திவிட்டால் கடமை தீர்ந்தது! அப்புறம் கருப்பட்டிக் காபி குடிக்கலாம், அது பனையிலிருந்து வந்தது அல்லவா? (பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி ஒரே சர்க்கரைதான்.) ராத்திரி சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி சாப்பிடலாம், எத்தனை என்று கணக்கில்லை. எங்கள் தெருவில் ஒருவர் ஆறு சாப்பிடுகிறார், பத்தியமாக.

என்னை உண்மையில் வெட்கப்படச் செய்தது இன்னொரு கதை. 1922-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கனடாவில் டொரான்டோ ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்ப்சன் என்ற பதினாலு வயசுப் பையன் கிடந்தான். எடை முப்பது கிலோகூட இல்லை. அந்த நாளில் இந்த வகை நீரிழிவுக்குத் தெரிந்த ஒரே சிகிச்சை பட்டினி போடுவது. சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். பான்டிங் என்ற டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களை வைத்துச் சோதனை செய்து கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அந்தப் பையனுக்கு ஊசியில் போட்டார்கள். முதல் ஊசி பலிக்கவில்லை. போட்ட இடம் புண்ணாகிவிட்டது. காலிப் என்ற ரசாயன நிபுணர் அல்லும் பகலும் உட்கார்ந்து சாற்றைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கிற்று. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதுதான் இன்சுலின். அந்த உரிமையை மூவரும் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரான்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பான்டிங்குக்கும் அவருடைய ஆய்வுக்கூடத் தலைவர் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, பான்டிங் தமக்கு வந்ததில் பாதியைப் பெஸ்ட்டுக்கும், மக்லியாடு தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

எப்பேர்ப்பட்ட தொடர்கதை! திருப்பம் இருக்கிறது, தோல்வி இருக்கிறது, தியாகம் இருக்கிறது. தாடிக்கார வைத்தியர் தேவையே இல்லை. ஆனால் ஒன்று: அந்தப் பையன் குணமாகிவிடவில்லை. 1935-ல் நிமோனியா கண்டு இறக்கும் வரையில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தான். இந்த இடந்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம். கதை என்றால் 'முற்றும்' என்று போட்டாக வேண்டும். இந்த வியாதியோ 'தொடரும்' என்றுதான் போட விடுகிறது. உடம்பின் எடையை நன்றாகக் குறைத்து, மருந்தில்லாமல் இருக்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களையும் அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள்.

நவம்பர் 14 பான்டிங்கின் பிறந்த நாள். அதையே உலக நீரிழிவு தினமாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அது நேருவின் பிறந்த நாள். பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுக்கிறோம்.

ஜனங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஒரு கணக்கு சென்னையைப் பற்றியது. 26,001 பேரைக் கேட்டதில், இப்படி ஒரு வியாதி உண்டு என்பதே 100-க்கு 25 பேருக்குத் தெரியவில்லை. அது வராமல் தடுக்கலாம் என்று நினைத்தவர்கள் 22 பேர். தங்களுக்கு வியாதி இருக்கிறது என்று தாங்களே சொன்னவர்களில்கூட, அதனால் மற்ற அவயவங்கள் கெடும் என்று அறிந்தவர்கள் 100-க்கு 41 பேர்தான். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் எடுத்து 2014-ல் வெளியான கணக்கு இன்னும் மோசம்: கேள்விப்பட்டவர்களே 43 பேர், கிராமங்களில் 37. 2023-ல் வந்த கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம்.

இந்தக் கணக்குகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் வாத்தியாரை யாராவது கேட்டிருந்தால் அவரைத் தெரிந்தவர்கள் பக்கத்தில்தானே சேர்த்திருப்பார்கள்? வியாதியின் பெயர் தெரியும்; மாத்திரையின் பெயர் தெரியும்; பதினாலு வருஷத்து எண்கள் தெரியும். தெரிந்ததற்குப் பக்கத்திலேயே ஓர் ஆசையும் உட்கார்ந்திருந்தது, இது ஒரு நாள் அடியோடு தீர்ந்துவிடாதா என்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த ஆசையோடு பேசவில்லை. நான் பேசினேன்.

"உங்களுக்கு எப்போ பார்த்தீங்க?" என்று ஒரு நாள் என் மனைவி கேட்டாள். எனக்கா? நான் ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியவன் அல்லவா? பார்த்ததே இல்லை. குளுகோஸ் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 168. 140-க்குக் கீழே இருக்க வேண்டும். 200 ஆனால் வியாதி. "பார்டர்தான், கவலைப்படாதீங்க" என்று சிநேகிதர்கள் எல்லோரும் கையைக் குலுக்கினார்கள், ஏதோ பாஸ் மார்க் வாங்கிவிட்டவனைப்போல. சென்னையில் இதே நிலையிலிருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். சும்மா விட்டுவைத்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடக்கச் சொல்லி, சாப்பாட்டைத் திருத்திக் கொடுத்தவர்களில் 39 பேருக்கு வந்தது. அந்தப் பதினாறு பேரில் ஒருவனாக இருக்கலாம் என்ற நப்பாசையில் அன்று முதல் தினமும் கடற்கரையில் நடக்கிறேன். சுண்டல் வாங்குவதில்லை என்று சொன்னால் பொய்.

கதை 2013-ல் புத்தகமாக வந்தது. அந்தப் பெண் கேட்ட ஒரு வரியை முன்னுரையில் எழுதினேன்: சாமக்கொடி கற்பனை, யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அச்சாகி வந்தபிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன், யாரப்பா முன்னுரை படிக்கிறார்கள்? நானே படிப்பதில்லை. அத்தியாயத்தையே மாற்றியிருக்கலாம். மாற்றாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நடுச்சாமத்துப் பூவைப் பற்றிய வர்ணனை நன்றாக அமைந்திருந்தது. அதை விட மனசு வரவில்லை. மூன்று வருஷம் கழித்து இரண்டாம் பதிப்பில்தான் வெட்டினேன். அதில் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டுக்கொண்டு, கைத்தடியோடு பந்தலுக்கு வருகிறார். ஜாங்கிரியைப் பேரனிடம் கொடுத்துவிடுகிறார். பழைய பதிப்பில் இருந்த ஜீவன் இதில் இல்லை என்று ஒரு விமரிசகர் எழுதினார்.

வாத்தியார் அந்தப் பதிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுதான் சார் சரியான விடை. ஆனா வழி கொஞ்சம் நீளமாயிருக்கு" என்று கார்டு போட்டார். அவர் இப்போது ஒழுங்காக இருக்கிறார். 2021-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஆரம்பித்தார்கள் அல்லவா? அதன்படி ஒரு பெண் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாளாம். அவள் வரும்போது இவர் தெருவிலுள்ள மற்றவர்களையும் திண்ணையில் உட்கார வைத்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கணக்கு வகுப்பு நடத்துகிறார் என்று மகள் சொல்கிறாள்.

சென்ற மாதம் அவரே டெலிபோன் செய்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அவரிடம் வந்திருக்கிறாள். அவளுக்கும் சர்க்கரை. அந்த நாளில் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருக்கிறாள்; அதில் முன்னுரையும் இல்லை, திருத்தமும் இல்லை. வாத்தியாருக்கு ஆசிரியரை நேரில் தெரியும் என்று கேள்விப்பட்டு, வைத்தியரின் விலாசம் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.

"அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை, அவர் எங்கிட்டே வாயாலேயே சொன்னார்னு சொன்னேன் சார். என் காலைக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இவ்வளவு நாள் பழகியும் விலாசத்தைச் சொல்ல மனசு வரலை பாருங்க'ன்னு எழுந்து போயிட்டாங்க."